பொருந்தினாத்தான் அழிப்பன்

கல்முனைப் பிரதான வீதியோரம் அந்தக் கொமினிகேசன் கடை இருந்தது. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க இரண்டு பலகைக் கூடுகள், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், பூப்போட்ட துணி போர்த்திய ஒரு கொம்பியூட்டர், அதற்கு முன்னால் ராத்தா. கடைக்குப் பெயர்ப்பலகை இருந்ததுதான். அதை யாரும் வாசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. "ராத்தாட கடை" என்றால் ஓட்டோக்காரன் மறுகேள்வி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவான். கூடப் பிறந்த மூத்தவளைத்தான் நாங்கள் ராத்தா என்போம். இவரையோ, இவருக்கு வாப்பா முறையான கிழவர்கள்கூட ராத்தா என்றார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கோபம், கொஞ்சம் பெருமை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் சொந்தமாக ஈமெயில் முகவரி வைத்திருந்தவர்கள் குறைவு. கட்டார், சவூதி, குவைத், கனடா என்று போன பிள்ளைகள் எல்லாம் ராத்தாவின் கடை முகவரிக்கே எழுதினார்கள். இது இன்ன வீட்டுக்கு என்று மேலே ஒரு வரி போட்டுவிட்டால் போதும். ராத்தா அதை இறக்கி, அந்த வீட்டுக்கென்று மெயில் புரோகிராமுக்குள் வைத்திருந்த பெட்டியில் போட்டுவைப்பார். பெட்டிகளுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். 'சந்தைக் கோழிக்கடை', 'ரெண்டு மாடி வீடு', 'கோவிச்சிட்டுப் போன மருமகன்' என்று வரிசையாகக் கிடக்கும். கோபித்துக்கொண்டு போன மருமகன் திரும்பி வந்து மூன்று பிள்ளை பெற்ற பிறகும் பெட்டியின் பெயர் மாறவில்லை.

தொல்லை என்னவென்றால், புரோகிராம் பழையது. உள்ளே எத்தனை பெட்டி இருந்தாலும் அவ்வளவும் சேர்ந்து ஒரு அளவுக்குமேல் போனால் அதற்கு மூச்சு முட்டும். புது மெயில் எதையும் உள்ளே எடுக்காது. எங்கள் பிள்ளைகளோ கடிதம் நாலு வரி எழுதினால் போட்டோ நாலு அனுப்புகிறவர்கள். யாரோ ஒரு அரபியின் காரில் சாய்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொருவனும் அனுப்பும் படத்தில் ராத்தாவின் கொம்பியூட்டர் திணறும். ஆகவே அவர் அடிக்கடி அழித்தாக வேண்டும். அழிப்பதென்றால் சொந்தக்காரரைக் கேட்டுத்தான் அழிப்பார். இதுதான் அவர். இதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

கேட்பதற்கு ஆள் அனுப்பமாட்டார். கதிரையில் இருந்தபடியே வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் தட்டுப்பட்டதும் குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை.

ஒருநாள் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த சேர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் இருமினாலே நாங்கள் எழுந்து நிற்போம்.

"சேர்! உங்கட மருமகன் ஏழு போட்டோ அனுப்பிரிக்கான். ஏழும் ஒரே கார்தான். ஒண்ட வெச்சி ஆறையும் அழிக்கவா?"

சேர் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, சுற்றும் முற்றும் பார்த்தார். பஸ் நிலையத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். "அழிங்க, அழிங்க. மெதுவாக் கதைங்க ராத்தா."

"பொருந்தினீங்களா?"

"ஓம், ஓம்."

"ஓம் காணாது சேர். வாய் தொறந்து சொல்லணும்."

"பொருந்தினன்!" என்று சேர் கத்தினார். பிறகு சைக்கிளை மிதித்த மிதியில் சங்கிலி கழன்றுவிட்டது.

இந்தச் சொல்லை வெளியூர்க்காரருக்கு விளக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஒருவர் பொருளை இன்னொருவர் தெரியாமல் எடுத்துவிட்டால், பாவித்துவிட்டால், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால்கூட, உரியவர் வாயால் 'பொருந்தினன்' என்று சொல்ல வேண்டும். மனம் ஒப்பி விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்க் கேட்பார். சாகக் கிடக்கிறவர் கேட்பார். கேட்காமல் போனால் மறுமையில் பதில் சொல்ல வேண்டிவரும். இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் டிலீட் பட்டனை அமத்துவதற்குப் பொருத்தம் கேட்ட ஒரே ஆள் ராத்தாதான்.

கடைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒருமுறை பகிடி விட்டார். "என்ன ராத்தா, கரண்டுல ஓடுற சாமானுக்குமா மறுமையில கேள்வி?"

"ஏன் காக்கா, நீங்க மீட்டருக்கு வெட்டுற துணியில ரெண்டு விரக்கட குறையிறத்துக்குக் கேள்வி இரிக்கென்டா இதுக்கும் இரிக்கும்" என்றார் ராத்தா. துணிக்கடைக்காரர் ஒரு கிழமை அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

இந்தக் குணம் கொம்பியூட்டரோடு வந்ததல்ல. சுனாமி அன்று கடல் ராத்தாவின் வீட்டுப் பின்வளவு வரைக்கும் வந்து திரும்பியது. திரும்பும்போது அடுத்தவர் வீட்டு அலுமாரி ஒன்றை அங்கே விட்டுவிட்டுப் போனது. வீடு பறிகொடுத்த சொந்தக்காரர்களால் ராத்தாவின் வீடு நிரம்பி வழிந்த நாட்கள் அவை. உடுப்பு வைக்க இடமில்லை, நைலோன் கயிற்றில் தொங்கியது. அத்தனை பேர் சொல்லியும் அந்த அலுமாரியில் ஒரு கைலேஞ்சி வைக்க அவர் விடவில்லை. "இந்த அலுமாரி ஆருட?" என்று மட்டையில் எழுதி வாசலில் கட்டித் தொங்கவிட்டார். கடைசியில் சாய்ந்தமருதுக்காரர் ஒருவர் வந்து அடையாளம் சொன்னார். தடவிப் பார்த்து அழுதார். "வெக்கிறத்துக்கு எனக்கு ஊடில்லையே, நீங்களே பாவிங்க" என்றார்.

"வெச்சிருக்கன், பாவிக்க மாட்டன்" என்றார் ராத்தா. "ஒரு விஷயம் காக்கா. உள்ளுக்குத் தண்ணி நின்டிச்சு. உங்களக் கேக்காம கதவத் தொறந்து வடிய விட்டுட்டன். அதுக்குப் பொருந்திக்கங்க."

அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடல் வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

இவ்வளவும் எனக்குப் பகிடியாகத்தான் இருந்தது, என் தலையில் விடியும் வரைக்கும்.

வன்னியில் சண்டை முடிந்த கிழமை மெயில் மழையாகக் கொட்டியது. உலகத்தில் எங்கெங்கோ இருந்த எங்கள் ஆட்கள், தமிழ் ஆட்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கினார்கள். இனி ஊருக்கு வரலாமா, றோட்டுத் தடை எடுத்தாச்சா என்று சிலர். வன்னிக்குப் போன இன்னார் உயிரோடு இருக்கிறாரா என்று யாரிடமாவது விசாரிக்கச் சொல்லிச் சிலர். அப்படியானவற்றை ராத்தா சத்தம் போட்டுக் கூப்பிடாமல், கடையைப் பூட்டிவிட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கிழமைதான் புரோகிராமுக்கு மூச்சு முட்டியது.

எனக்கும் அந்தக் கிழமைதான் மெயில் வரவேண்டி இருந்தது. நான் வீட்டுப் பிளான் கீறப் படித்தவன். சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக்கொடுக்க வந்த நிறுவனங்களுக்கு வருஷக்கணக்காகக் கீறினேன். அவர்கள் கட்டி முடித்துவிட்டுப் போனார்கள். ஊருக்கெல்லாம் வீடு கீறியவனின் தங்கச்சிக்கு அத்திவாரம் மட்டும் புல் முளைத்துக் கிடந்தது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடில்லாமல் கலியாணப் பேச்சு எடுக்க முடியாது. வாப்பாவின் கடை கடலோடு போயிருந்தது. கட்டாரில் ஒரு கம்பனி என்னைப் போனில் நேர்முகம் பார்த்தது. வேலைக் கடிதத்தை மெயிலில் அனுப்புகிறோம், வியாழன் பின்னேரத்துக்குள் அந்தக் கடிதத்துக்கே பதிலாகச் சம்மதம் வராவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். முகவரி கேட்டார்கள். ராத்தாவின் முகவரியைக் கொடுத்தேன். வேறு எதைக் கொடுப்பது!

செவ்வாய்க்கிழமை போனால் திரையில் இடமில்லை என்று நிற்கிறது. கட்டாருக்குக் கோல் எடுத்தேன். "அனுப்பியாச்சு, பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

"ராத்தா, கிடக்கிற எல்லாத்தையும் அழிச்சித் தள்ளுங்க."

"உன்ட உம்மாட காதுத்தோட்ட நான் கழட்டி வித்தா நீ பொருந்துவியா?"

"இது ஆருட தோடு ராத்தா? காரும் கண்ணாடியும்தானே!"

"அது அவங்களுக்குத் தோடு மனே" என்று சொல்லிவிட்டு வீதியைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு! கோழிக்கடைக்காரரைக் கடையோடு இழுத்து வந்தேன். ரெண்டு மாடி வீட்டு மாமி முழுகிக்கொண்டிருந்தார், கிணற்றடி வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். "எதுக்கு மனே பொருந்தணும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே பொருந்தினார். எல்லாம் அழித்து முடித்த பிறகும் திரை அதே பல்லவியைப் பாடியது. அழித்ததெல்லாம் கண்ணுக்குத்தான் மறைந்ததே ஒழிய, இடத்தை விடவில்லை. மெனு மெனுவாகத் தேடி 'கொம்பெக்ட்' என்றொரு சொல்லை நான் கண்டுபிடித்தேன்.

"அதென்ன செய்யும்?" என்றார் ராத்தா சந்தேகத்தோடு.

"இறங்கினாக்கள்ற சீட்ட எடுத்து, இரிக்கிறவங்கள நெருக்கி இரித்தும்."

"ஆ, கொண்டக்டர் வேல. செய், செய்."

நெருக்கியது. கொஞ்சம் இடமும் வந்தது. உடனே காத்துக்கொண்டிருந்த மெயில்கள் முண்டியடித்து உள்ளே வந்தன. கோழிக்கடைக்கு நாலு, கோபித்துக்கொண்டு போன மருமகனுக்கு இரண்டு, எல்லாம் போட்டோ. என் கடிதத்துக்கு முன்பே மறுபடியும் முட்டிவிட்டது. பார்த்தால், ஏறக்குறைய பாதி இடத்தை ஒரே பெட்டி பிடித்துக்கொண்டிருந்தது. 'பாண்டிருப்பு அக்கா.' கனடாவில் இருந்த மகன் தாய்க்கு அனுப்பியவை. ஒரு பாடசாலைச் சுவரை மூடும் அளவு பெரிய படங்கள். ஒன்றும் திறக்கப்படவில்லை. சுனாமிக்குப் பிறகு அந்த அக்கா கடைப்பக்கம் வரவே இல்லை.

"அவ இனி எங்க ராத்தா வரப்போறா! அழிப்பம்."

ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். அன்று பின்னேரமே ஒரு மீன்காரரிடம் விசாரித்து, அக்கா குடும்பம் தெற்கே தூரத்துத் தம்பிலுவிலில் சொந்தக்காரர் வளவில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். வியாழன் காலை ஓட்டோவில் இருவரும் கிளம்பினோம். பின்னேரத்துக்குள் என் வேலை போய்விடும் என்ற எரிச்சலில் நான் வழிநெடுக வாய் திறக்கவில்லை. ராத்தா வழிநெடுக வாய் மூடவில்லை.

வேலிப் படலையில் ஓட்டோ நின்றதும் ராத்தா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அக்கா! உங்கட கனடா மகன்ட விஷயமாப் பொருத்தம் கேட்டு வந்திரிக்கன்!"

உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்தது. அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க தங்கச்சி, வாங்க! வாய் நனைக்காமக் கதைக்கப்படாது. இஞ்சேருங்க, ஓடி வாங்க! மகன்ட விஷயமா வந்திரிக்காங்க!" புருஷன்காரர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார். எங்களுக்குத் தேத்தண்ணியும் வாழைப்பழமும் வந்தன. ஒரு மெயிலுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

"நட்சத்திரம் என்ன தங்கச்சி?" என்றார் அக்கா.

ராத்தா கோப்பையை இறக்கி வைத்தார். "நட்சத்திரமா? இதுக்கும் நீங்க நட்சத்திரம் பாக்கிறீங்களா?"

"பாக்காமச் செய்யிறதா? நாளைக்கு ஒண்டெண்டா ஆரு பதில் சொல்றது?"

"அதுவும் சரிதான்" என்றார் ராத்தா, மறுமையை நினைத்துக்கொண்டு. "ஆனா அக்கா, இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள முடிக்கணும்."

"இண்டைக்கா! மகன் கனடாவில எல்லோ இரிக்கான்!"

"அவர் வரத் தேவல்ல. நீங்க பொருந்தினாக் காணும்."

புருஷன்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப எத்தின பொருத்தம் இரிக்கு?"

"பதினாலு இரிக்கி" என்றார் ராத்தா, பெட்டியில் கிடந்த மெயில்களை எண்ணி வைத்திருந்தபடியால்.

"பதினாலா!" இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நாங்க பத்துக்கு மேல கேள்விப்பட்டதே இல்லையே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் ஆட்களிடம், தமிழ் ஆட்களிடம், பொருத்தம் என்றால் மாப்பிள்ளை பொம்பிளையின் சாதகம் பார்ப்பது! மகனுக்குப் பெண் பார்க்கத் தரகரிடம் சொல்லிவைத்துவிட்டு நாள் கணக்காகக் காத்திருந்தவர்களின் படலையில் வந்து நின்று ராத்தா பொருத்தம் என்று கத்தியிருக்கிறார். நான் விஷயத்தை உடைத்தேன். பிறகு அக்கா சிரித்த சிரிப்பில் வளவுக் கோழிகள் கலைந்து ஓடின. ராத்தா முக்காட்டை வாயில் அமத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கும் வேலை மறந்துபோனது.

சிரிப்பு அடங்கியதும் அக்கா மெல்லிய குரலில் கேட்டார். "அப்ப அவன்ட படம் உங்களிட்டயா இரிக்கு?"

சங்கதி இதுதான். மகன் பக்கத்து வீட்டுப் போனுக்கு எடுப்பான். "அம்மா, படம் அனுப்பினனே, பாத்தீங்களா?" என்பான். அத்தனை சோதனைச் சாவடி தாண்டிக் கல்முனைக்கு வரப் பயம். பார்க்கவில்லை என்று சொன்னால் பிள்ளை மனம் நோகும். ஆகவே, "ஓம் மகன், பாத்தன், நல்லாத்தான் இரிக்காய்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார்.

"பாக்காம எப்பிடி அழிக்கிறது? மொதல்ல ஏறுங்க ஓட்டோவில" என்றார் ராத்தா.

கடைக்கு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அக்காவைத் தன் கதிரையில் இருத்தி, ராத்தா படங்களை வரிசையாகத் திறந்தார். முதல் படத்தில் மகனுக்குச் சுருள் சுருளாக அடர்ந்த முடி. அடுத்ததில் நெற்றி கொஞ்சம் பெரிது. அதற்கடுத்ததில் இன்னும் பெரிது. அக்கா திரைக்குக் கிட்டக் கிட்டப் போனார். கடைசிப் படத்தில் தலை, கழுவிக் கவிழ்த்த கோப்பையாக மினுங்கியது.

"ஐயோ கடவுளே!" என்றார் அக்கா. "போன மாசமும் கேட்டானே, 'படத்தில எப்பிடி இரிக்கன் அம்மா' எண்டு! தலைமயிர் நல்லா வளர்ந்திரிக்கு மகன் எண்டு சொல்லிப்போட்டனே!"

போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்கள், கூட்டுக்குள் கோல் கதைத்துக்கொண்டிருந்தவர், எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீர் ஓடியது. விரலால் அந்த மொட்டைத் தலையைத் திரையில் தடவிக்கொண்டே இருந்தார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். இனி ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ராத்தாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். ராத்தா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவரை அந்த நேரம் அடியோடு பிடிக்கவில்லை.

அக்காதான் என் பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பி ஏன் வேர்த்து ஒழுகுது?"

ராத்தா சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. "கடிதம் வெளியில நிக்கி. உள்ளுக்கு இடமில்ல. ஆனா அக்கா, இது உங்கட சாமான். நீங்க மாட்டன் எண்டா மாட்டன்தான். இவன் ஒண்டும் செத்துப் போகமாட்டான்."

அக்கா திரைப்பக்கம் திரும்பினார். பிறகு கடைசிப் படத்தைக் காட்டினார். "இத மட்டும் கடதாசியில எடுத்துத் தா புள்ள. இதுதான் இப்பத்த என்ட பிள்ள. மத்ததெல்லாம் கண்ணாலக் கண்டிட்டன். இந்தத் தம்பியையும் ஒரு தாய்தானே பெத்திரிப்பா."

"முழு மனசோடயா அக்கா?"

"ஓம் தங்கச்சி. உங்கட சொல்லாலயே சொல்றன். பொருந்தினன்."

பிரிண்டர் கிறீச்சிட்டுப் படத்தை வெளியே தள்ளியது. ராத்தா ஒவ்வொன்றாக அழித்தார். நான் கொண்டக்டர் வேலையைத் தொடக்கிவிட்டு, கரண்ட் போய்விடக்கூடாதே என்று எனக்குத் தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினேன். கரண்ட் போகவில்லை. மெயில்கள் இறங்கத் தொடங்கின. ஏதோ கார், ஏதோ கண்ணாடி, ஏதோ பெருநாள் வாழ்த்து, அதற்குப் பின்னால் கட்டார்.

என் பெயர். கம்பனியின் பெயர். சம்பளம். தங்குமிடம். இரண்டாவது பந்திக்கு வருவதற்குள் எழுத்தெல்லாம் எனக்குக் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அதற்குள் எனக்குப் பக்கத்தில் விசைப்பலகை படபடத்தது. ராத்தா என் பெயரில் 'சம்மதம்' என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்பிவிட்டார்.

நான் திகைத்துப்போனேன். சேரைக் கேட்டவர், கோழிக்கடையைக் கேட்டவர், தம்பிலுவில் வரைக்கும் போய்க் கேட்டவர். "ராத்தா! என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்லயே!"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அழிக்கிறத்துக்குத்தான் மனே கேக்கணும். வாழப்போறவனுட்ட என்னத்தக் கேக்கிற?"